தள்ளியது நான்தான் என்று ஒப்புக்கொண்டால்தான் தற்காப்பு

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பிரிந்துவிடுவது என்று இருவரும் முடிவுக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்கள். ஒரு நாள் இரவு வாக்குவாதம் முற்றி நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பியபோது கணவர் கதவை மறித்து நின்று உங்கள் மேல்கையை இறுகப் பிடித்திருக்கிறார். நீங்கள் இரு கைகளாலும் தள்ள, அவர் மேசை விளிம்பில் மோதி நெற்றியில் தையல் போடுமளவுக்குக் காயம். மறுநாள் காலையிலேயே அவர் புகார் கொடுத்துவிட்டார். இதற்கு முன்பும் அவர் உங்களை அடித்ததுண்டு. நீங்கள் எங்கும் புகார் செய்ததில்லை. இது தற்காப்பு ஆகுமா, பழையதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள், பதிலுக்கு நானும் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னது சொன்னபடி நடந்திருந்தால், ஆகும். ஆனால் ஆகும் என்பது வேறு, நிரூபணமாகும் என்பது வேறு. இத்தகைய வழக்குகளில் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பத்து வருட வாழ்க்கையை இருபது பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வருவார்கள். சம்பவம் நடந்த அந்த இரவுக்கு இரண்டு வரி இருக்கும். தற்காப்பு என்பது திருமணத்தைப் பற்றிய வாதமே அல்ல. சில விநாடிகளைப் பற்றிய வாதம். அவர் எங்கே நின்றார், எந்தக் கையால் உங்களுடைய எந்தக் கையைப் பிடித்தார், கதவு திறந்திருந்ததா, வேறு வழி இருந்ததா, நீங்கள் விடச் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார், விழுந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். இவைதான் வழக்கு. பத்து வருடக் கதைக்கும் இடம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தின் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் மீது தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது அடுத்த கணமே நடக்கப்போகிறது என்று நியாயமாக அஞ்சியிருக்க வேண்டும். அதைத் தடுக்கப் பலத்தைப் பயன்படுத்தும் தேவை இருந்திருக்க வேண்டும். பயன்படுத்திய பலம் ஆபத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். இந்தியாவில் இது பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை. இங்கிலாந்தில் 1971 ஆம் ஆண்டின் பால்மர் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்: தாக்கப்படுகிறவர் அந்தக் கணத்தில் தன் எதிர்ப்பை இம்மி பிசகாமல் அளந்து செய்ய முடியாது என்பது அதன் சாரம். பொன் தராசில் வைத்து எடைபோடக் கூடாது என்று இந்திய நீதிமன்றங்களும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

ஆகவே அவருக்குத் தையல், உங்களுக்குத் தையல் இல்லை என்பதை வைத்து மட்டும் நீங்கள்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. கையைப் பிடித்து ஒருவரை வெளியே போகவிடாமல் தடுப்பதும் தாக்குதலே. அதிலிருந்து விடுபட ஒரு முறை தள்ளியது அளவு மீறிய செயல் என்று சொல்வது கடினம். மேசை விளிம்பு அங்கே இருந்தது உங்கள் நோக்கத்தில் சேராது. ஆனால் அவர் விழுந்த பிறகு நீங்கள் ஓர் உதை உதைத்திருந்தால் அந்த உதைக்குத் தற்காப்பு கிடையாது. ஆபத்து நீங்கிய கணத்தில் உரிமையும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் குறுக்கு விசாரணையில் தள்ளியதைவிடத் தள்ளிய பின் என்ன நடந்தது என்பதை அதிகம் கேட்பார்கள். கதவைத் திறந்து வெளியேறினீர்களா? யாரையாவது அழைத்தீர்களா? அவர் நெற்றியில் துணியை வைத்து அழுத்தினீர்களா? நின்று திட்டிக்கொண்டிருந்தீர்களா? எதுவாக இருந்தாலும் உங்கள் வழக்கறிஞரிடம் அப்படியே சொல்லுங்கள். பாதகமான விவரத்தை முதலில் அவர் கேட்பது உங்கள் வாயிலிருந்தாக இருக்கட்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். தற்காப்பு என்று வாதிட வேண்டுமானால் செயலை ஒப்புக்கொள்ள வேண்டும். "நான் தொடவே இல்லை, அவராகத்தான் விழுந்தார்" என்று காவல் நிலையத்தில் பயத்தில் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து "தற்காப்புக்காகத் தள்ளினேன்" என்று நீதிமன்றத்தில் சொன்னால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். தள்ளியது நீங்கள்தான் என்றால் முதல் நாளிலிருந்தே அதுதான் உங்கள் நிலை. காரணத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: கையை விடுவித்துக்கொள்ளத் தள்ளினேன். கூடுமானவரை வழக்கறிஞர் உடனில்லாமல் வாக்குமூலம் கொடுக்காதீர்கள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதுகிறவருக்கு "வாக்குவாதத்தில் ஆத்திரமடைந்து தள்ளினார்" என்று எழுதிப் பழக்கம். அந்த ஒரு வரி போதும், தற்காப்பு கைகலப்பாகிவிடும்.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன. இங்கிலாந்தில் தற்காப்புக்கான அடிப்படை சாட்சியத்தில் தெரிந்துவிட்டால், அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. அமெரிக்காவிலும் பெரும்பாலும் அப்படித்தான், சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது வைத்திருந்த ஒஹாயோ மாநிலமும் 2019 இல் மாற்றிக்கொண்டது. இந்தியாவில் சுமை உங்கள் மீது விழும், ஆனால் இலேசான சுமை: அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதை வரவழைக்கவும் முடியும்.

இப்போது அந்தப் பத்து வருடம். பழைய அடிகள் அன்றைய தள்ளுதலை நியாயப்படுத்தாது. "அவன் என்னை அத்தனை முறை அடித்தான், நான் ஒரு முறை தள்ளினேன்" என்பது பழிவாங்கல் வாதமாகத்தான் நீதிபதியின் காதில் விழும். பழைய வரலாறு செய்யும் வேலை வேறு. அன்று அவர் கையைப் பிடித்தபோது அடுத்து என்ன வரும் என்று நீங்கள் ஏன் அஞ்சினீர்கள் என்பதை அது விளக்குகிறது. வெளியாள் ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு பிடி, அந்தப் பிடிக்குப் பின் என்ன வரும் என்று பட்டறிந்தவருக்கு வேறு.

இதை உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னது கனடா உச்ச நீதிமன்றம். 1990 இல் லவாலி வழக்கு. அடிக்கடி அடித்துவந்த துணைவர், அன்றிரவு கொன்றுவிடுவதாக மிரட்டியிருந்தார். அறையைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த அவரை அந்தப் பெண் பின்னாலிருந்து சுட்டார். வழக்கமான அளவுகோலில் இது தற்காப்பே ஆகாது. நீதிபதி பெர்த்தா வில்சன் எழுதிய தீர்ப்பு, நீண்டகால வன்முறைக்கு ஆளானவர் ஆபத்தை எப்படி உணர்கிறார் என்பதை விளக்க நிபுணர் சாட்சியத்துக்கு இடமளித்து, கீழ் மேல்முறையீட்டில் ரத்தான விடுதலையை மீண்டும் நிலைநிறுத்தியது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவின் வட கரோலினாவில், பல ஆண்டுக் கொடுமைக்கு ஆளான ஜூடி நார்மன் உறங்கிக்கொண்டிருந்த கணவரைச் சுட்ட வழக்கில், ஆபத்து அந்தக் கணத்தில் இல்லை என்று சொல்லி அந்த மாநில உச்ச நீதிமன்றம் தற்காப்பை ஏற்க மறுத்துவிட்டது. கொடுமையை யாரும் மறுக்கவில்லை, கணம்தான் பொருந்தவில்லை.

இந்த இடத்தில் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பல ஆண்டுகள் அடித்துவந்த கணவரைத் தீவைத்துக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கைத் தற்காப்பின் வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 1992 இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கொலைக் குற்றவாளி என்ற தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மனநிலை பாதிப்பால் பொறுப்பு குறைந்தது என்ற அடிப்படையில்தான் அவருடைய குற்றம் கொலையைவிடக் குறைந்த, மரணம் விளைவித்த குற்றமாக மாறி, அவர் வெளியே வந்தார். கணவரைக் கொன்ற சாலி சாலனின் வழக்கும் 2019 இல் அங்கே அவ்வாறே முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1989 இல், குழந்தைகளோடு கிணற்றில் குதித்த சுயம்புக்கனியின் வழக்கில் நீடித்த ஆத்திரமூட்டல் என்ற கருத்தை ஏற்று, நல்லதங்காளின் பெயரையே அந்த மனநிலைக்கு வைத்தது. அதுவும் குற்றத்தின் தரத்தைக் குறைத்ததே தவிர முழு விடுதலை அல்ல. தற்காப்பு நிரூபணமானால் குற்றமே இல்லை. மற்றவை குற்றத்தைக் குறைப்பவை. உங்கள் வழக்கில் உயிரிழப்பு இல்லை. ஆனாலும் "அவர் என்னைத் தூண்டினார்" என்று பேசத் தொடங்கினால் நீங்களே முதல் தளத்திலிருந்து இரண்டாவது தளத்துக்கு இறங்கிவிடுகிறீர்கள்.

புகார் செய்யாமல் இருந்ததைப் பற்றிக் கவலைப்படுவது புரிகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கண்டிப்பாகக் கேட்பார். பெரும்பாலானவர்கள் புகார் செய்வதில்லை என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். புகார் இல்லை என்றால் தடயமே இல்லை என்று பொருளல்ல. அந்தக் காலத்தில் சகோதரிக்கோ தோழிக்கோ அனுப்பிய செய்தி, வழுக்கி விழுந்ததாகச் சொல்லி மருத்துவரிடம் காட்டிய சீட்டு, வேலைக்குப் போகாத நாட்கள், மறுநாள் அவர் அனுப்பிய மன்னிப்புச் செய்தி. கடைசியாகச் சொன்னதைப் பலர் அழித்துவிடுகிறார்கள். அதுதான் இருப்பதிலேயே மதிப்புள்ளது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இன்றைக்கு உட்கார்ந்து பழைய தேதி போட்டு நாட்குறிப்பு எழுதாதீர்கள். நினைவிலிருப்பதை எழுதுங்கள், இன்றைய தேதி போட்டு, நினைவிலிருந்து எழுதியது என்று குறித்து. ஒரு போலி ஆவணம் பிடிபட்டால் பத்து உண்மையும் அதோடு போய்விடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது உங்கள் கையைக் காட்டுவதுதான். மேல்கையை இறுகப் பிடித்தால் ஒரு பக்கம் மூன்று நான்கு வட்டக் கன்றல்கள், எதிர்ப்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று என்று வரும். அன்றிரவே தெரியாது, ஓரிரு நாளில்தான் எழும்பும். இருபுறமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, முகமும் தெரியுமாறு ஒன்று, அருகில் ஒன்று. அடுத்த சில நாட்களும் எடுங்கள். மருத்துவரிடம் காட்டி, எப்படி வந்தது என்று நீங்கள் சொன்னதை அவர் சீட்டில் எழுதவையுங்கள். கன்றலின் நிறத்தை வைத்து நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே தேதியுள்ள மருத்துவக் குறிப்பு அவசியம். இன்னும் தெரிகிறது என்றால் இன்றே போங்கள்.

காயங்களைப் பற்றிச் சொல்லும்போது கழுத்து நெரிப்பைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் முன்பு நடந்ததில் அது இருந்தால் மறைக்காதீர்கள். சான் டியேகோவில் 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001 இல் வெளிவந்த ஆய்வில், பாதி வழக்குகளில் பாதிக்கப்பட்டவரிடம் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. மூச்சுத் திணறுகிறவர் நெரிக்கும் கையைக் கீறுவார், கடிப்பார், முகத்தைப் பிறாண்டுவார். காவலர் வந்து பார்க்கும்போது இரத்தம் வடிய நிற்பது நெரித்தவர். ஒரு கீறலும் இல்லாமல் குரல் கம்மி நிற்பது நெரிபட்டவர். யார் மீது வழக்குப் போடுவார்கள்? இந்தச் சிக்கலால்தான் இருவரையும் கைது செய்யும் வழக்கம் பெருகியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1984 இல் குடும்ப வன்முறையில் கைதைக் கட்டாயமாக்கிவிட்டு, மறு வருடமே முதன்மைத் தாக்குபவர் யார் என்று கண்டறிய வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. யார் முதலில் கை ஓங்கினார் என்பதோடு அந்தக் கேள்வி முடிவதில்லை. காயங்களின் தீவிரம், முந்தைய வரலாறு, யார் யாருக்கு அஞ்சுகிறார், இனி யாருக்கு ஆபத்து என்பதெல்லாம் சேர்ந்தது. 2008 இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் கொலை முயற்சிக்கு ஆளாகும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல்.

திருமணம் முறியும் நேரத்து வன்முறை எல்லாம் ஒரே வகை அல்ல. சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சனும் உளவியலாளர் ஜோன் கெல்லியும் 2008 இல் நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒருவர் மற்றவரின் பணம், நட்பு, போக்குவரத்து அனைத்தையும் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு அடிப்பது ஒன்று. அப்படி அடிபடுகிறவர் திருப்பி அடிப்பது இரண்டாவது. அடக்கியாளும் எண்ணமில்லாமல் சண்டை முற்றி இருவரும் கைநீட்டுவது மூன்றாவது. அதுவரை கைநீட்டியே அறியாதவர் பிரிவின் அதிர்ச்சியில் ஒருமுறை, இருமுறை வெடிப்பது நான்காவது. உங்களுடையது எது என்று யோசியுங்கள். வழக்கறிஞருக்காக அல்ல, உங்களுக்காக. முதல் வகை என்றால் உங்கள் தள்ளுதல் இரண்டாவதில் சேரும், தற்காப்பு வாதம் வலுவாக நிற்கும். இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்ட வீடு என்றால் அதை மூடி மழுப்புவதில் பயனில்லை. அவரிடமும் செய்திகள் இருக்கும், படங்கள் இருக்கும். அப்போதும் தற்காப்பு செத்துப்போகாது. அன்றைய விநாடிகளுக்கு மட்டும் வாதத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதே அளவுகோல் ஆண்களுக்கும் பொருந்தும். மனைவி கத்தியோடு வரும்போது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியவர், அவள் கை வீங்கியதற்காகக் குற்றவாளி ஆகக் கூடாது. உடல்பலம் அதிகமுள்ளவர் "அவள் தள்ளினாள், அதனால் சுவரோடு சேர்த்து அடித்தேன்" என்றால் அது தற்காப்பு அல்ல, அளவு அங்கேயே அடிபட்டுப்போகிறது. தாக்கியவரே தற்காப்பு பேசுவது இப்போது மிகச் சாதாரணம். உங்கள் கணவரும் பேசக்கூடும். நீங்கள் முதலில் பாய்ந்ததாகவும், தடுக்கவே கையைப் பிடித்ததாகவும் சொல்வார். வெளியேற முயன்றவர் யார், வழியை மறித்தவர் யார் என்ற ஒரு கேள்வியில் அந்தக் கதை தடுமாறும். ஆகவே நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்ததற்கான சான்றுகள் முக்கியம்: தோளிலிருந்த பை, முன்பதிவு செய்த வாகனம், "வந்துகொண்டிருக்கிறேன்" என்று யாருக்காவது அனுப்பிய செய்தி.

எதிர்ப் புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் உண்மையாக நடந்ததற்கு மட்டும். அவர் கொடுத்த பிறகு கொடுப்பதால் பழிவாங்கும் புகார் என்ற முத்திரை விழத்தான் செய்யும். காயத்தின் படமும் மருத்துவச் சீட்டும் உங்கள் புகாருக்கு முந்தைய தேதியில் இருந்தால் அந்த முத்திரை நிற்காது. ஒன்றைப் பத்தாக்கி எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் இருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் பெயரையெல்லாம் சேர்க்கச் சொல்வார்கள். அவர்கள் அறையில் இல்லை என்றால் சேர்க்காதீர்கள். மிகைப்படுத்திய புகார் அவரைவிட உங்களைத்தான் அதிகம் காயப்படுத்தும், ஏனென்றால் தற்காப்பு வாதம் முழுக்க உங்கள் சொல்லின் மீதுதான் நிற்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்பது தனி வழி, பல நாடுகளில் உரிமையியல் வழி. குற்ற வழக்கு முடியும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

"இருவருமே ஒருவர் மீது ஒருவர் உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள், சமமாகப் போய்விடும்" என்ற சமரசம் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்களும் தாக்குபவர்தான் என்பதற்கு அது ஆவணமாகிவிடும். தனி மனுவும் தனி விசாரணையும் இல்லாமல் மனுதாரர் மீதே போடப்படும் பரஸ்பர உத்தரவுகளுக்கு மற்ற மாநிலங்களில் செல்லுபடி கிடையாது என்று அமெரிக்கா 1994 ஆம் ஆண்டின் சட்டத்திலேயே வைத்தது இதனால்தான். சிறு அபராதத்தோடு முடித்துவிடலாம், குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள் என்பதும் இதே வகை. இன்றைக்கு நிம்மதியாகத் தோன்றும். பிறகு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் அந்த ஒரு தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்; வேலை, விசா என்று பிற இடங்களிலும் அது தொடரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது பற்றி யோசியுங்கள். அமெரிக்காவின் 11 நகரங்களில் ஜாக்குலின் கேம்பெல் குழுவினர் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்படுத்தும் குணம் மிகுந்த துணைவரைப் பிரியும் பெண்கள் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஒன்பது மடங்காக இருந்தது. இறுகப் பிடிப்பதும் வழியை மறிப்பதும் அந்தக் குணத்தின் அடையாளங்கள். போக இடம் இருந்தால் போய்விடுங்கள். போவதால் வீட்டின் மீதான உரிமை போய்விடுமா என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது நாட்டுக்கு நாடு மாறும்.

இனி அவரிடமிருந்து செய்தி வரும்: பேசித் தீர்ப்போம், புகாரைத் திரும்பப் பெறுகிறேன், நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். பல நாடுகளில் குற்ற வழக்கு பதிவாகிவிட்டால் அது அரசின் வழக்கு. அவர் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. "நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது, மன்னித்துவிடு" என்று இரவு பதினொரு மணிக்கு நீங்கள் அனுப்பும் ஒரு செய்தி, காலையில் ஒப்புதல் வாக்குமூலமாக அச்சிடப்பட்டிருக்கும். அவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனையாக இருந்தால், பதில் அனுப்புவதே தனிக் குற்றமாகிவிடும். வந்த செய்தியை அழிக்காமல் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். குழந்தையின் பள்ளி, மருந்து போன்ற அவசியங்களுக்கு மட்டும், நிபந்தனை இடம் கொடுத்தால், நீதிபதி வாசித்தாலும் கூச வேண்டாதபடி இரண்டு வரியில் எழுதுங்கள்.